கொடிமுந்திரியும் தேறலும்

வீட்டு முற்றத்தில் பந்தலிட்டுத் திராட்சைக்கொடி வளர்ப்பதும், அதன் பழத்தைப் பிழிந்து சாடியில் நொதிக்கவிட்டு மதுவாக்குவதும் மேலைநாடுகளில் பல குடும்பங்களின் ஓய்வுநேரக் கலையாகும். குளிர்நாட்டுக்கு உரியதாகக் கருதப்படும் இக்கொடி, நிலநடுக்கோட்டிற்கு ஐந்து பாகை வடக்கே, பட்டர்வொர்த்துக்கும் புக்கிட் மெர்தாஜத்துக்கும் இடைப்பட்ட புக்கிட் தெங்காவில் வளருமா? வளர்ந்தால் காய்க்குமா? காய்த்த பழத்தின் சாறு எவ்வாறு மதுவாகிறது? அதை நம் வீட்டில் செய்தல் தகுமா? இந்நான்கு வினாக்களுக்கும் தாவர நூலும் வேதியியலும் சட்டமும் விடை கூறுகின்றன. நம் சங்க நூல்களும் இப்பொருளில் சொல்ல வேண்டியதைச் சொல்லி வைத்திருக்கின்றன. ஆதலின் அங்கிருந்தே தொடங்குவோம்.

பெயர்களின் வரலாறு

திராட்சை என்பது 'திராக்ஷா' என்னும் வடசொல்லின் தமிழ் வடிவம். கொடிமுந்திரி, முந்திரிகை என்பனவும் இப்பழத்தின் பெயர்களே. மலையாளத்தில் இன்றும் 'முந்திரி' என்றால் திராட்சைதான். யாழ்ப்பாணத்தார் திராட்சையை முந்திரிகை என்றும், கொட்டைமுந்திரியை மரமுந்திரிகை என்றும் பிரித்து வழங்குவர். தமிழ்நாட்டு வழக்கிலோ, போர்த்துகீசியர் 16ஆம் நூற்றாண்டில் பிரேசிலிலிருந்து கொணர்ந்த மரத்தின் கொட்டைக்கு 'முந்திரி' என்னும் பெயர் போய்ச் சேர்ந்தது. கொடிக்கு வடசொல்லே நிலைத்துவிட்டது. மலாய் மொழியில் வழங்கும் 'அங்கூர்' பாரசீகத்திலிருந்து வந்த சொல். ஒரு பழம் எந்தெந்த வழியாக எந்தெந்த மக்களிடம் சென்றது என்பதற்கு இப்பெயர்களே சான்றாகின்றன.

மதுவைக் குறிக்கும் பழந்தமிழ்ச் சொற்கள் பல. கள், நறவு, மட்டு, தோப்பி, தேறல் என்பன அவற்றுள் சில. இவை ஒரே பொருளுடையன போலத் தோன்றினும், செய்முறையைக் கருதினால் வேறுபாடு விளங்கும். தோப்பி என்பது நெல்லிலிருந்து ஆக்கிய மது. தேறல் என்பது 'தேறு' என்னும் வினையடியாகப் பிறந்தது. தேறுதல் என்றால் தெளிதல். கலங்கிய மதுவை அசையாது வைத்து, வண்டல் அடியில் படிந்தபின் மேலே நிற்கும் தெளிவை இறுத்து எடுப்பதே தேறல். இன்றைய மது வடிப்போர் இரண்டு மூன்று முறை கலம் மாற்றி வண்டலை நீக்கும் செயலை நம் மொழி ஒரு பெயருக்குள் அடக்கி வைத்திருக்கிறது.

யவனர் தந்ததும் இல்லில் அட்டதும்

திராட்சை மது தமிழகத்துக்குக் கடல்வழி வந்தது. பாண்டியன் இலவந்திகைப்பள்ளித் துஞ்சிய நன்மாறனை நக்கீரர் வாழ்த்திய புறநானூற்று 56ஆம் பாட்டில், யவனர் கொணர்ந்த குளிர்ந்த மணமுள்ள தேறலை மகளிர் பொற்கலத்தில் ஏந்தித் தரும் செய்தி வருகிறது. செங்கடற் பயணநூலாகிய 'பெரிப்புளூஸ்' முசிறி முதலிய துறைமுகங்களுக்கு ஏற்றப்பட்ட சரக்குகளுள் திராட்சை மதுவையும் குறிக்கிறது. 1945இல் மார்ட்டிமர் வீலர் புதுச்சேரிக்கு அருகே அரிக்கமேட்டில் அகழ்ந்தபோது, மதுவும் எண்ணெயும் ஏற்றிவந்த இருபிடிச் சாடிகளின் உடைந்த ஓடுகள் கிடைத்தன. பாட்டும் பயணக் குறிப்பும் ஓடும் ஒன்றையொன்று உறுதிப்படுத்துகின்றன. ஆனால் அம்மது அரசர்க்கும் செல்வர்க்கும் உரிய இறக்குமதிப் பொருள்.

பொதுமக்கள் குடித்தது வீட்டில் அட்டது. இதற்குச் சிறந்த சான்று பெரும்பாணாற்றுப்படை. தொண்டைமான் இளந்திரையனைக் கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய இந்நூலில், எயினர் தம் இல்லில் அட்ட தோப்பியைப் பருகுவது ஓரிடத்தில் கூறப்படுகிறது. வலைஞர் குடியிருப்பைப் பாடும் இடத்திலோ செய்முறை முழுவதும் வரிசையாகச் சொல்லப்படுகிறது. தீட்டாத அரிசியைக் களியாகக் கிண்டுவர். வாயகன்ற கலத்தில் இட்டு ஆற்றுவர். ஆறியபின் அதனோடு 'நல்லடை' என்பதைக் கலப்பர். இரண்டு பகலும் இரண்டு இரவும் கழிப்பர். வலிய வாயுடைய சாடியில் பச்சை வாடை நீங்க விளையவிட்டு, பின் விரலால் அலைத்துப் பிழிவர்.

இங்கு நல்லடை என்பதற்கு, முளைநெல்லை இடித்துச் செய்த அடை என உரைகாரர் பொருள் கொள்வர். அறிவியல் நோக்கில் இச்செய்முறையின் உயிர்நாடி இதுவே. அரிசியில் இருப்பது மாவுச்சத்து; அதை நுரைமம் நேராக உண்ண இயலாது. முளைக்கும் தானியத்தில் சுரக்கும் நொதி மாவுச்சத்தை வெட்டிச் சர்க்கரையாக்கும். அதன் பின்னரே நொதித்தல் நிகழும். முளைத்தானியத்திலுள்ள இப்பொருளைப் பிரான்சு நாட்டு வேதியியலார் பாயென், பெர்சோ என்னும் இருவர் 1833இல் பிரித்து எடுத்து 'டயஸ்டேஸ்' எனப் பெயரிட்டனர். காரணம் அறியாமலேயே பழந்தமிழ் வலைஞர் பெண்டிர் அதைக் கையாண்டனர். ஆற்றியபின் கலத்தல் என்னும் குறிப்பும் பொருளற்றதன்று. கொதிக்கும் களியில் இட்டால் நொதி அழியும். உடன் வரும் நுரைமமும் மடியும். புலவர் கண்ட வரிசை, ஆய்வுக்கூடம் இன்று வகுக்கும் வரிசையோடு பிழையின்றி ஒத்திருக்கிறது. பத்துப்பாட்டைக் கற்பிக்கும் ஆசிரியர்கள் இப்பகுதியை அறிவியல் பாடத்தோடு இணைத்துக் காட்டலாம்.

கொடியின் இயல்பு

இனித் திராட்சைக்கொடிக்கு வருவோம். குளிர்நாட்டில் இக்கொடி பனிக்காலத்தில் இலையுதிர்த்து உறங்கும். இளவேனிலில் எல்லா மொட்டுகளும் ஏறத்தாழ ஒருங்கே விழிக்கும். வெப்பநாட்டில் அவ்வுறக்கம் இல்லை. கொடி ஆண்டு முழுவதும் பச்சையாகவே இருந்து, நுனிமொட்டு மட்டும் நீண்டுகொண்டே போகும். பின்மொட்டுகளை நுனி அடக்கி வைப்பதால் அவை துளிர்ப்பதில்லை. 'பந்தல் நிறைய இலை, ஒரு குலைகூட இல்லை' என்று நம் ஊர்களில் பலர் குறைகூறுவதன் காரணம் இதுவே.

இதற்குத் தீர்வு கவாத்து. கத்தரியால் வெட்டிச் செயற்கையாக ஒரு பனிக்காலத்தை உண்டாக்குகிறோம். நுனி போனதும் எஞ்சிய மொட்டுகள் துளிர்க்கின்றன. அம்மொட்டுகளுக்குள் பூங்கொத்தின் கரு முன்னமே அமைந்திருக்கும். சென்ற பருவத்தில் அக்கிளைக்கு நல்ல வெயில் கிடைத்திருந்தால் அக்கரு பூங்கொத்தாகும். நிழலில் வாடியிருந்தால் பற்றுக்கம்பியாகிவிடும். திராட்சையில் பற்றுக்கம்பியும் பூங்கொத்தும் ஒரே வகைக் கருவிலிருந்து தோன்றுபவை. ஆதலின் இன்று நாம் காணும் குலை, சில மாதங்களுக்கு முன் விழுந்த வெயிலின் பயன்.

இவ்வுண்மையைத் தொழிலாகக் கொண்டவர்கள் தேனி மாவட்டத்துக் கம்பம் பள்ளத்தாக்கு உழவர்கள். அங்கு விளையும் பன்னீர்த் திராட்சை, 'மஸ்கட் ஹாம்பர்க்' என்னும் வகையைச் சேர்ந்தது. 2023இல் புவிசார் குறியீடு பெற்றது. 1832இல் பிரெஞ்சுப் பாதிரியார் ஒருவர் தமிழ்நாட்டுக்கு இதைக் கொணர்ந்தார் என்பது வழங்கிவரும் செய்தி. ஒரு தோட்டத்தில் கவாத்து நடக்கையில் அடுத்த தோட்டத்தில் பூக்கும். அதற்கடுத்ததில் குலை கறுக்கும். எனவே ஆண்டின் எல்லா மாதங்களிலும் அங்கு அறுவடை உண்டு. யாழ்ப்பாணத்திலும் வீட்டுப் பந்தல்களில் முந்திரிகை நெடுங்காலமாக வளர்கிறது. அங்கே தோலகட்டியில் 1928இல் தோமஸ் அடிகளார் நிறுவிய செபமாலைதாசர் மடத்துத் துறவிகளின் திராட்சை இரசமும் நெல்லி இரசமும் பெயர்பெற்றவை. நிலநடுக்கோட்டிற்குத் தெற்கே எட்டுப் பாகையிலுள்ள பாலித்தீவிலும் 1994 முதல் உள்ளூர்த் திராட்சையிலிருந்து மது வடித்து வருகின்றனர். வெப்பம் இக்கொடிக்குப் பகையன்று என்பது இவற்றால் தெளிவாகும்.

புக்கிட் தெங்காவில் ஒரு பந்தல்

நம் வட்டாரத்தில் உண்மையான பகை மழைதான். கம்பம் பள்ளத்தாக்கு மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவில் உள்ளது. செபராங் பிறைக்கு அத்தகைய மறைவு இல்லை. ஆண்டின் நடுவிலும் இறுதிக்கு முன்னும் மழை மிகும். சனவரி, பிப்ரவரி மாதங்களே ஓரளவு வறண்டவை. இலை ஈரமாகவே இருந்தால் அடிச்சாம்பல் நோயும் கரும்புள்ளி நோயும் பற்றும். பழுக்கும் தறுவாயில் மழை பெய்தால் பழம் வெடித்து அழுகும்.

எனவே இங்கு வளர்ப்போர் முதலில் செய்ய வேண்டியது கூரை. பந்தலுக்கு மேல் ஓர் அடி இடைவெளி விட்டு, ஒளி புகும் பிளாஸ்டிக் விரிப்பைச் சாய்வாகக் கட்ட வேண்டும். காற்று நாற்புறமும் புக வேண்டும். வரிசை வீடுகளின் குறுகிய முன்றிலிலும் இது இயலும். மண் களியாக இருப்பின் மேட்டுப்பாத்தி அமைக்கலாம். அல்லது 50 லிட்டருக்குக் குறையாத தொட்டியில், அடித்துளையிட்டு, மணலும் மட்கிய எருவும் கலந்து நடலாம். புளிப்பு மண்ணாயின் சிறிது சுண்ணாம்பு சேர்க்க வேண்டும்.

நடுவதற்கு, முற்றிய கொடியில் பென்சில் பருமனுள்ள, மூன்று நான்கு மொட்டுள்ள துண்டு போதும். வேர்பிடித்துத் துளிர்த்ததும் ஒரே தண்டை மட்டும் விட்டு ஏனையவற்றைக் கிள்ளிவிட வேண்டும். தண்டு பந்தலை எட்டியதும் நுனியைக் கிள்ளினால் இருபுறமும் இரண்டு கைகள் ஓடும். அக்கைகளிலிருந்து விரல்கள்போல் கிளைகள் பரவும். இக்கிளைகள் பழுப்பு நிறமடைந்து முற்றும்வரை பொறுத்திருத்தல் வேண்டும். பச்சைக் கிளையை வெட்டிவிட்டுக் குலையை எதிர்பார்ப்பது வீண்.

கவாத்தின் காலத்தைப் பின்னிருந்து எண்ணிக் கணிக்கலாம். வெட்டிய நாளிலிருந்து பழம் பழுக்க ஏறத்தாழ நான்கு மாதம் ஆகும். வறண்ட சனவரி இறுதியில் பழம் வேண்டுமாயின், செப்டம்பர் இறுதியில் வெட்ட வேண்டும். அப்போது பூக்கும் காலம் மழை மிகுந்த அக்டோபர், நவம்பரில் விழும். கூரையின் தேவை இங்கு நன்கு விளங்கும். பன்னீர்த் திராட்சையாயின் முற்றிய கிளையில் நான்கைந்து மொட்டு விட்டு வெட்டுவர். வெட்டுவதற்குச் சில நாள் முன் நீரைக் குறைத்து, வெட்டியபின் எஞ்சிய இலைகளை உருவி, எருவிட்டு நீர் பாய்ச்சினால் மொட்டுகள் ஒருங்கே விழிக்கும்.

பெருந்தோட்டங்களில் மொட்டை விழிக்கச் செய்ய 'ஹைட்ரஜன் சயனமைடு' என்னும் மருந்தைப் பூசுவர். வீட்டில் இதைத் தீண்டலாகாது. இது நஞ்சு, இதைக் கையாண்டவர் மது அருந்தினால் உடலில் அது முழுவதும் சிதையாமல் நின்று, முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, உயிருக்கே தீங்கு நேரலாம்.

பூஞ்சை நோய்க்கு எளிய மருந்து போர்டோக் கலவை. பிரான்சில் சாலையோரக் கொடிகளின் பழத்தை வழிப்போக்கர் பறிக்காதிருக்க, மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்து நீலமாகத் தெளித்து வைப்பது வழக்கம். அக்கொடிகளுக்கு மட்டும் நோய் பற்றாததைக் கண்ட மிலார்தே என்னும் தாவரவியலார் 1885இல் அதை மருந்தாக அறிவித்தார். வீட்டளவில் ஒரு லிட்டர் நீருக்குப் பத்து கிராம் மயில்துத்தமும் பத்து கிராம் சுண்ணாம்பும் போதும். தனித்தனியே கரைத்து, பின் ஒன்றாக்க வேண்டும். இரும்புக் கலம் ஆகாது. பழம் பழுக்கும் காலத்தில் தெளிக்கலாகாது.

பறிக்கும் வேளையும் அறியத்தக்கது. மாவும் வாழையும் பறித்தபின் பழுக்கும். திராட்சை அவ்வாறு பழுக்காது. கொடியில் இருக்கும்வரைதான் சர்க்கரை ஏறும். நிறம் கறுத்ததும் பறிக்காமல் இரண்டொரு வாரம் பொறுத்துச் சுவைத்துப் பார்த்துப் பறிப்பதே முறை.

சாறு மதுவாவது எவ்வாறு?

பழுத்த திராட்சையின் தோலில் வெண்மையான மெழுகுப்பூச்சு இருக்கும். அதில் காற்றிலும் பூச்சிகளாலும் வந்து சேர்ந்த பலவகை நுரைமங்கள் ஒட்டியிருக்கும். நுரைமம் என்பது ஒற்றைக் கலமுள்ள பூஞ்சை. இலங்கைப் பாடநூல்கள் 'மதுவம்' என்கின்றன. பேச்சில் 'ஈஸ்ட்' என்கிறோம். பழம் நசுங்கியதும் அது சாற்றிலுள்ள சர்க்கரையை உண்டு, சாராயப் பொருளாகிய எத்தனாலையும் கரியமில வாயுவையும் வெளியிடுகிறது.

நொதித்தல் உயிர்ப்பொருளின் செயலா, வெறும் வேதிமாற்றமா என்று 19ஆம் நூற்றாண்டில் பெரும் வழக்கு நடந்தது. உயிர்களின் செயலே என்று 1857 முதல் லூயி பாஸ்டர் சோதனைகளால் காட்டினார். ஆனால் 1897இல் எடுவர்ட் புக்னர் நுரைமத்தை அரைத்துப் பிழிந்த உயிரற்ற சாறுகூடச் சர்க்கரையை நொதிக்கச் செய்வதைக் கண்டார். அதற்காக 1907இல் நோபல் பரிசு பெற்றார். நுரைமம் சுரக்கும் நொதியே வேலை செய்கிறது என்பது அதனால் தெளிந்தது. தமிழில் 'நொதி', 'நொதித்தல்' என ஒரே அடியிலிருந்து இரு கலைச்சொற்கள் எழுந்தது இவ்வரலாற்றுக்குப் பொருத்தமாகவே உள்ளது. எனினும் மாணவர் இரண்டையும் மயங்காதிருக்க வேண்டும்: நொதி என்பது பொருள், நொதித்தல் என்பது நிகழ்ச்சி.

அளவு கணக்கைப் பார்ப்போம். ஒரு லிட்டர் சாற்றில் 180 கிராம் சர்க்கரை இருப்பதாகக் கொள்வோம். கோட்பாட்டின்படி அது 92 கிராம் எத்தனாலும் 88 கிராம் கரியமில வாயுவும் ஆகும். நடைமுறையில் லிட்டருக்கு 17 கிராம் சர்க்கரை, நூற்றுக்கு ஒரு பங்கு மதுச்சத்தைத் தரும். ஆகவே இச்சாறு பத்தரைப் பங்கு வலிமையுள்ள மதுவாகும். வெளியேறும் 88 கிராம் வாயு நம் ஊர் வெப்பத்தில் ஏறத்தாழ 50 லிட்டர் இடத்தை அடைக்கும்! ஒரு லிட்டர் புட்டியை இறுக மூடி வைத்தால் அது ஏன் குண்டுபோல் வெடிக்கிறது என்பதற்கு இக்கணக்கே விடை. வீடுகளில் திராட்சைச் சாற்றையோ அன்னாசிச் சாற்றையோ மூடிவைத்து மறந்துவிடுவோர் இதை நினைவிற்கொள்க.

மேலைநாட்டு வீட்டு மதுவின் முறை இது. பழத்தைக் கொட்டை உடையாமல் நசுக்கி, தோலோடு கலத்தில் முக்கால் அளவு நிரப்புவர். செந்நிறம் தோலில்தான் உள்ளது. ஆதலின் சிவப்பு மதுவுக்குத் தோல் உடனிருக்க வேண்டும். வாயு தோலை மேலே தூக்கும். நாளுக்கு இருமுறை அதை அமிழ்த்துவர். ஒரு வாரத்தில் பிழிந்து, வாயு வெளியேறவும் காற்று உட்புகாதிருக்கவும் நீரடைப்புக் குழாய் பொருத்திய கலத்தில் மாற்றுவர். சில வாரங்களில் வண்டல் படியும். தெளிவை வேறு கலத்துக்கு இறுப்பர். அதுவே தேறல். காகசு மலைச்சாரலிலுள்ள ஜார்ஜியா நாட்டில் மண்ணில் புதைத்த சாடிகளில் இதைச் செய்வர். அந்நாட்டில் கிடைத்த பழஞ்சாடி ஓடுகள், ஏறத்தாழ 8,000 ஆண்டுகளுக்கு முன்பே திராட்சை மது இருந்ததை மெய்ப்பிப்பதாக 2017இல் ஆய்வாளர் அறிவித்தனர்.

காற்றை ஏன் தடுக்க வேண்டும்? எத்தனாலை உண்டு புளிக்காடியாக்கும் நுண்ணுயிர்களுக்குக் காற்று வேண்டும். அதை மறுத்தால் அவை செயலற்றுப் போகும். பாஸ்டர் 1866இல் மதுவின் நோய்களைப் பற்றித் தனி நூல் எழுதியதும் இவ்வகைக் கேடுகளை ஆராய்ந்தே.

பதநீர், கள், காடி

இவை யாவும் தமிழர் அறியாதன அல்ல. தென்னம் பாளையிலோ பனம் பாளையிலோ வடியும் சாறு இனிப்பானது. நூற்றுக்குப் பன்னிரண்டு பங்குக்குமேல் சர்க்கரை உள்ளது. சொட்டும்போதே காற்றிலும் கலயத்திலும் உள்ள நுரைமம் அதில் சேர்கிறது. விடியற்காலையில் இறக்குமுன் நொதித்தல் தொடங்கிவிடுகிறது. கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவினால் நுரைமம் பெருகுவதில்லை, அது பதநீர். தடவாவிட்டால் கள். ஒரே மரம், ஒரே பாளை; விரலளவு சுண்ணாம்பே இரண்டையும் பிரிக்கிறது.

கள்ளுக்கும் திராட்சை மதுவுக்கும் உள்ள வேறுபாடு நிலைப்பில்தான். திராட்சைச் சாறு இயற்கையிலேயே புளிப்பானது, மதுச்சத்தும் கள்ளைப்போல் இருமடங்கு ஏறும், காற்றையும் தடுக்கின்றனர். ஆதலின் ஆண்டுக்கணக்கில் நிற்கும். கள் இரண்டொரு நாளில் காடியாகும். அதனால்தான் திராட்சை மது கப்பலேறி உலகைச் சுற்றியது. கள் மரத்தடியிலேயே நின்றது.

செய்தல் தகுமா?

இங்கு நாம் நின்று எண்ண வேண்டும். அமெரிக்காவில் வயதுவந்தோர் இருவர் உள்ள வீட்டில் ஆண்டுக்கு 200 காலன் வரை சொந்த உபயோகத்துக்கு மது வடிக்கச் சட்டம் இடந்தருகிறது, விற்றல் கூடாது. மலேசியாவில் நிலை வேறு. 1976ஆம் ஆண்டுக் கலால் சட்டத்தின்படி மது ஆக்குவதற்கு உரிமம் வேண்டும். தமிழ்நாட்டில் 1937ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டம் உள்ளது. ஆகவே கொடி வளர்ப்பது எவர்க்கும் உரியது. உரிமமின்றி மது ஆக்குவது அவ்வாறன்று. நூலிலோ வேறிடத்திலோ கண்ட மேலைநாட்டு முறையைப் பின்பற்றி, 'இது வெறும் பொழுதுபோக்கு' என்று கருதுவது பேதைமை.

சட்டத்தினும் ஆழமான காரணம் ஒன்று நமக்கு உண்டு. செபராங் பிறையின் கரும்புத் தோட்டங்களுக்கு 19ஆம் நூற்றாண்டில் ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்களும், பின் இரப்பர் தோட்டங்களுக்கு வந்தவர்களும் நம் முன்னோர். தோட்டத்தில் கள்ளுக்கடை இருந்தது. உழைத்துப் பெற்ற கூலி அக்கடையிலேயே கரைந்தது. 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது, அவர்கள் கோரிக்கைகளுள் ஒன்று கள்ளுக்கடைகளை மூடுவது. 1946, 1947 ஆண்டுகளில் தெற்குக் கெடாவில் ஏ. எம். சாமி தலைமையில் எழுந்த தொண்டர் படை கள்ளுக்கடை மறியலைத் தன் முதற்பணிகளுள் ஒன்றாகக் கொண்டது. பிடோங் வட்டாரத்தில் அதனால் மோதலும் உயிரிழப்பும் நேர்ந்தன. ஊதிய உயர்வுக்கு நிகராகக் கள்ளுக்கடை மூடலைக் கேட்டவர்கள் படித்த சீர்திருத்தக்காரர் மட்டுமல்லர். பால்வெட்டிய கைகளே கேட்டன. அக்கைகளின் பேரப்பிள்ளைகள் இன்று 'வீட்டு மது' என்பதை வெறும் கலையாக மட்டும் நோக்க இயலாது.

உடல்நலம் பற்றியும் ஒரு தெளிவு தேவை. பழச்சாற்றை நொதிக்கவிடுவதால் உண்டாகும் மெத்தனால் மிகச் சிறிது. அது உயிரைப் பறிப்பதன்று. உயிரைப் பறிப்பது கலப்படச் சாராயம். 2024 சூன் மாதம் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கும் மேற்பட்டோர் இறந்தது மெத்தனால் கலந்த சாராயத்தால். ஆயினும் இதனால் மது தீங்கற்றது என்று கொள்ளலாகாது. மதுபானங்களைப் புற்றுநோய் விளைக்கும் பொருள்களின் வரிசையில் பன்னாட்டு ஆய்வு நிறுவனம் 1988 முதல் வைத்துள்ளது; எந்த அளவும் பாதுகாப்பானதன்று என உலக நலவாழ்வு நிறுவனம் 2023இல் அறிவித்தது.

கொடியால் பெறும் பயன்

அப்படியாயின் திராட்சைப் பந்தல் எதற்கு? ஒரு கொடி நன்கு காய்த்தால் ஒரு வீட்டாரும் அண்டை வீட்டாரும் உண்ணப் போதிய பழம் தரும். ஒரு கிலோ பழத்தில் அரை லிட்டருக்கு மேல் சாறு கிடைக்கும். அச்சாற்றைக் கொதியாமல் சூடேற்றி, சூடான புட்டியில் நிறைத்து மூடிக் குளிர்பெட்டியில் வைத்தால் நுரைமம் மடிந்து, பல நாள் இனிப்பு மாறாமல் இருக்கும். நுண்ணுயிரைச் சூட்டால் அழிக்கும் இம்முறைக்குப் பாஸ்டரின் பெயரே வழங்குகிறது. அதை அவர் முதலில் வகுத்தது மதுவின் கேட்டைத் தடுப்பதற்கே. மதுவுக்காகக் கண்ட முறை இன்று நம் குழந்தைகளின் பாலைக் காக்கிறது.

நொதித்தலைக் கற்பிக்கச் சாராயக் கலம் தேவையில்லை. ஒரு சிறு புட்டியில் வெதுவெதுப்பான நீர், இரண்டு கரண்டிச் சர்க்கரை, ரொட்டிக்கு இடும் ஈஸ்ட் ஒரு கரண்டி இட்டு, வாயில் பலூனை மாட்டினால் ஒரு மணி நேரத்தில் அது பொங்கி எழும். அவ்வாயுவைத் தெளிந்த சுண்ணாம்பு நீரில் செலுத்தினால் நீர் பாலாய் வெளுக்கும். வந்தது கரியமில வாயு என்பது உறுதியாகும். அருகே இன்னொரு புட்டியில் ஈஸ்ட் இடாமல் வைத்தால் ஒப்புநோக்கவும் இயலும். அதன்பின் வீட்டுத் தோசைமாவு இரவில் ஏன் பொங்குகிறது, ஆப்பமாவில் முற்காலத்தில் ஏன் கள் சேர்த்தனர் என்று கேட்டால் மாணவர் தாமே விடை காண்பர்.

பெரும்பாணாற்றுப்படையின் சாடியும், பதநீர்க் கலயமும், பாஸ்டரின் புட்டியும் ஒரே அறிவின் மூன்று படிகள். அவ்வறிவு நமக்கு வேண்டும். அதன் விளைவாகிய போதை வேண்டுவதில்லை. புக்கிட் தெங்காவின் முன்றிலில் ஒரு பந்தல் எழட்டும். அதில் குலை தொங்கட்டும். பிள்ளைகள் அதைப் பறித்து உண்ணட்டும். தேறல் என்னும் சொல்லுக்குத் தெளிவு என்பதே முதற்பொருள். அத்தெளிவை நம் வீட்டுச் சாடியில் தேடவேண்டியதில்லை. சிந்தையில் பெற்றால் போதும்.